ஒன்பதாவது இன்னிங்ஸில் நான் சமையலறையில் இல்லை

அன்பு மகள் யமிலேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாட்ரிட் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று அல்தாகிராசியா மாதாவைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போனது, நிறுத்திக்கொண்டேன். நலமில்லை, யமிலே. உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நான் கோபத்தில் இருக்கிறேன், இந்தத் தெருவில் என்னோடு யாரும் பேசுவதில்லை. ஒனெய்டா விடுமுறை முடிந்து இன்று மாலை விமானத்தில் அங்கே திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் கத்துவேன், உன் அப்பா பின்னால் நின்றுகொண்டு ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று உனக்குக் கையாட்டுவார், நீயும் நான் கத்துவதை விட்டுவிட்டு அவர் கையாட்டுவதை நம்புவாய். காகிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் இறுதி ஆட்டம் முடிந்து, நம் ஊர் அணி சேவல்கள் தலைநகரத்துச் சுறாக்களிடம் கோப்பையைப் பறிகொடுத்த மறுநிமிடம் உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "மம்மி, கடைசி இன்னிங்ஸ்ல நீ எங்க இருந்தே?" அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. சரி, கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நான் சமையலறையில் இல்லை. டிவிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றேதான் உட்கார்ந்தேன். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டு அதற்கப்புறம் நீயும் உன் ஞானத்தகப்பன் தெல்ஃபினோடு சேர்ந்து என்னைத் திட்டு.

அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் உன்னிடம் சொன்னார் அல்லவா, அதில் பாதி உண்மைகூட இல்லை. நவம்பரில் ஒரு நாள் மைதானத்தில் நம் வழக்கமான இடத்துக்குப் படியேறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் என்றார். வெயிலே இல்லை. நான்தான் இழுத்துக்கொண்டு தலைநகரத்துக்குப் போனேன். டாக்டர் பெரால்ட்டா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் இருக்கிற வால்வு ஒன்று சுருங்கிப்போய்ச் சரியாகத் திறப்பதில்லை, திறந்து மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போதே போய்விடலாம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். உன் அப்பாவோ டாக்டர் மேசையில் கிடந்த சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஒரு சுறா தொங்கியது. "டாக்டர், நீங்க அந்தக் கட்சியா? என் நெஞ்சைத் திறந்தா உள்ள சேவல்தான் இருக்கும், தாங்குவீங்களா?" என்றார். அந்த மனுஷரும் விடாமல், "அதுக்குத்தான் சீக்கிரம் வாங்கன்றேன், கூவறதுக்கு மூச்சு வேணாமா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையில் தனியாகப் பயந்துகொண்டிருந்தேன்.

அங்கேதான் உன் அப்பா வாக்குக் கொடுத்தார். சேவல்களின் இந்த வருஷத்து ஆட்டங்கள் எல்லாம் முடிந்த மறுநாள் வந்து படுத்துக்கொள்கிறேன், அதற்கு முன்னால் மாட்டேன் என்று. நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உனக்கே தெரியும். நம் சேவல்கள் எந்த வருஷம் கிறிஸ்துமஸைத் தாண்டியிருக்கிறார்கள்? நீ பள்ளிக்கூடம் முடித்த வருஷம் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தார்கள், என் அப்பா, உன் பாட்டன், சாகக்கிடந்தபோது ஒரே ஒரு வெற்றி வேண்டும் என்று கேட்டார், அதைக்கூடக் கொடுக்கவில்லை. எப்போது ஜெயிக்க வேண்டும் என்று நாம் அழுதோமோ அப்போதெல்லாம் தோற்றவர்கள், இந்த வருஷம், தோற்றால் புண்ணியம் என்று நான் நினைத்த ஒரே வருஷம், ஜெயிக்க ஆரம்பித்தார்கள். முதல் சுற்றில் ஜெயித்தார்கள். அரையிறுதிச் சுற்றிலும் ஜெயித்தார்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் தெருவே பட்டாசு வெடிக்கிறது, எனக்கு ஒவ்வொரு வெற்றியும் ஆஸ்பத்திரியை இன்னும் கொஞ்சம் தள்ளிவைக்கிறது. நீயும் அங்கேயிருந்து புதுச் சட்டை வாங்கி அனுப்பி, "பப்பி, இந்த வருஷம் நம்ம வருஷம்" என்று போனில் கூவினாய். அவர் அந்தச் சட்டையைத் துவைக்கக் கொடுக்கவே இல்லை, துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடுமாம். மாதா திருநாளன்று கோவிலில் ஒரு பெரிய மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் பக்கத்தில் நின்று கண்கலங்கினேன், கடைசியில் மனுஷனுக்குப் புத்தி வந்ததே என்று. வெளியே வந்ததும் சொல்கிறார், மூன்றாம் தளத்தில் ஆடுகிறவனுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறதாம், அதற்காக ஏற்றினாராம்.

என்னை ஆட்டம் பிடிக்காதவள் என்று நினைத்துவிடாதே. நான் உன் அப்பாவைவிடப் பழைய சேவல். நீ வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதத்தில்கூட இடதுபக்கக் கேலரியில் மரப்பலகை மேல் உட்கார்ந்து நடுவரைத் திட்டியவள். அதனால்தான் இந்தச் சமையலறைக் கதை எனக்கு இவ்வளவு கசக்கிறது. நீ சின்னக் குழந்தையாக இருந்தபோது, ஒரு கடைசி இன்னிங்ஸில் காபி பொங்குகிறதே என்று நான் உள்ளே ஓடினேன், அந்த நேரம் பார்த்து நம்மவன் ஒருவன் பந்தை மதிலுக்கு வெளியே அடித்தான். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒன்பதாவது இன்னிங்ஸ் என்றால் இந்த நூரிஸ் உள்ளே போக வேண்டும், அடுப்பைப் பார்த்து நிற்க வேண்டும், திரும்பக்கூடாது. பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான், ஒரு காரணத்துக்கு ஒரு விளைவு என்று கரும்பலகையில் எழுதுகிறவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் நின்றேன் என்று இந்த இரண்டு நாளாக யோசிக்கிறேன். எல்லாருடைய சந்தோஷமும் என் முதுகில் இருப்பதாக அவர்கள் சொன்னது எனக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது போல. ஆனால் அதற்கு நான் கொடுத்ததைப் பார். இந்த வீட்டில் எல்லாரையும்விட அதிகம் ஆட்டம் தெரிந்தவள், டிவியில் ஒரு வெற்றியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. கூச்சலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். சுறாக்களோடு இறுதிச் சுற்றில், வெள்ளிக்கிழமை ஆறாவது ஆட்டத்தில் நம்மவர்கள் ஜெயித்து, ஆளுக்கு மூன்று என்று சமன் ஆகிவிட்டது. ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், எதிரணிக்குச் சவ ஊர்வலம் எடுக்காமல் இவர்களுக்குத் தூக்கம் வராது. தெல்ஃபின் தன் தச்சுப் பட்டறையில் நல்ல பலகையாகப் பார்த்து அறுத்து, சுறாக்களின் நீல நிறம் அடித்து, மேலே பிளாஸ்டிக் பூ ஒட்டி, நிஜப் பெட்டியைவிட நேர்த்தியாக ஒரு சவப்பெட்டி செய்திருந்தான். காலையிலேயே மேளம், தகரம், எக்காளம். பெண்கள் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்டு பொய்யாக அழுகிறார்கள். உன் அப்பாவைக் கதவருகே நாற்காலியில் உட்கார வைத்து, இங்கேயே இருந்து பார் என்று சொல்லிவிட்டு நான் பின்பக்கம் துணி உலர்த்தப் போனேன். திரும்பி வந்தால் நாற்காலி காலி. பெட்டியின் முன்மூலையைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மருந்துக்கடை முனையில் முழங்கால் மடங்கி உட்கார்ந்திருக்கிறார். உதடு நீலம் பூத்துவிட்டது. கூட வந்தவர்கள் சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து இன்னும் பலமாக மேளம் அடித்திருக்கிறார்கள். அப்புறம்தான் தெல்ஃபினுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மோட்டார் சைக்கிளில் உட்கார வைக்க முடியவில்லை, கார் தெருவுக்குள் வர வழியில்லை, கூட்டம். இந்த அறிவாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்டிக்குள் அவரைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கையில் ஈரத்துணியோடு வாசலுக்கு வந்தால் என் வீட்டு முன்னால் சவப்பெட்டி, அதற்குள் உன் அப்பா, பூ எல்லாம் மேலே கிடக்கிறது, பின்னால் விஷயம் தெரியாத மேளக்காரர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், கறுப்புத்துணிக்காரிகள் ஒப்பாரி வைக்கிறார்கள். என் மகளே, அந்த ஒரு விநாடியில் நான் விதவையாகி முடித்துவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து அவர் தலையைத் தூக்கி, "பயப்படாத நூரிஸ், உள்ள நல்லா சொகுசாத்தான் இருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். நான் கையில் இருந்த ஈரத்துணியால் தெல்ஃபினை அடித்தேன். முகத்தில், தோளில், எங்கே பட்டதோ அங்கே. "கொமாத்ரே, நான் தூக்கிட்டுத்தானே வந்தேன், போட்டுட்டா வந்தேன்?" என்று, உன் ஞானஸ்நானத்தில் வந்த அந்த உறவுமுறையைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினான்.

கட்டிலில் படுக்கவைத்து, மாத்திரை கொடுத்து, நிறம் திரும்பியபின் நான் கேட்டேன், நாளையோடு முடிந்தது அல்லவா, திங்கட்கிழமை தலைநகரம் போகலாமா என்று. அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்குத் தோத்தா திங்கக்கிழமை. ஜெயிச்சா கரீபியன் தொடர் இருக்குல்ல, நம்ம ஊரு டீம்தான் மொத்த நாட்டுக்காகவும் ஆடப் போகுது, அத விட்டுட்டு எப்படிம்மா? அது முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிதான், சத்தியமா." நான் வெளியே வந்து பின்கட்டில் நின்றேன். அப்போதுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது, நாளை நம்மவர்கள் தோற்க வேண்டும். என் வாழ்நாளில் அப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்ததில்லை. என் அப்பாவுக்குத் துரோகம் செய்வது போல உடம்பு கூசியது. ஆனால் வந்த எண்ணம் போகவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கடைசி ஆட்டம், ஏழாவது. தெருவே நம் வீட்டுக் கூடத்தில். தெல்ஃபின் அதிர்ஷ்டத்துக்காகத் தொப்பியை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு, என்னிடமிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தான். கடைசி இன்னிங்ஸ் வந்தபோது மூன்று ரன்னுக்கு மூன்று ரன். நம்மவர்கள் மட்டை பிடிக்கிறார்கள். இரண்டு அவுட், மூன்றாம் தளத்தில் ஒருவன் நிற்கிறான், ஒரே ஒரு அடி போதும், அவன் ஓடி வந்து ஒரு ரன் எடுத்துவிடுவான். அடிக்க வருகிறவன் யார், உன் அப்பா மெழுகுவர்த்தி ஏற்றிய அந்த முழங்கால்காரன். கூடத்தில் இருந்த அத்தனை தலையும் டிவியை விட்டு என் பக்கம் திரும்பியது. தெல்ஃபின் எழுந்து வழிவிட்டு, கோவிலில் பேசுகிற குரலில், "கொமாத்ரே, நேரம் வந்தாச்சு, உள்ள போங்க" என்றான். நான் போனேன், சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து எல்லாருக்கும் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். "என்ன இது, விளையாடறீங்களா? எந்திரிங்க கொமாத்ரே!" பின்னாலிருந்து ஒருத்தி, "டீச்சருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றாள். உன் அப்பா மெதுவாக, "நூரிஸ், போம்மா, ஒரே ஒரு நிமிஷம்" என்றார். நான் திரும்பாமல் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி: "போக மாட்டேன். தோக்கட்டும். இன்னைக்கே தோத்து இன்னைக்கே முடியட்டும்."

கோவிலில் காறித்துப்பியிருந்தால்கூட அப்படி ஒரு அமைதி வந்திருக்காது. தெல்ஃபின் சிலுவை போட்டுக்கொண்டான். முழங்கால்காரன் அடித்தான், பந்து உயரப் போனது, போனது, மதிலோரம் சுறாக்காரன் ஒருவன் தாவிப் பிடித்துவிட்டான். கூடம் முழுக்க ஒரு முனகல். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிடித்தவனைத் திட்டினேன். நான் கேட்டது கிடைக்கப்போகிறது, அந்த நிமிஷமே என் ரத்தம் மாறிவிட்டது. அடுத்து சுறாக்கள் அடிக்க வந்தார்கள். எட்டாவது இன்னிங்ஸில் வந்த மூன்று பேரையும் திணறடித்து அனுப்பிய நம் இடதுகைப் பந்துவீச்சாளன் செஞ்சியோன், கை இன்னும் சூடாக இருக்கிறவன், அவனை நம் மேனேஜர் வெளியே எடுக்கிறான்! எடுத்துவிட்டு யாரைப் போடுகிறான், வேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாத அந்த நெட்டையனை. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "அவன ஏண்டா எடுக்கிற? கண்ணு அவிஞ்சு போச்சா? அவன் கையில ஆட்டம் இருக்குடா!" என்று டிவியின் முகத்துக்கு நேராகக் கத்தினேன். நெட்டையன் வரிசையாகத் தப்பும் தவறுமாக வீசி இரண்டு பேரைச் சும்மாவே தளத்துக்கு அனுப்பினான், மூன்றாமவன் அடித்தான், முடிந்தது. சுறாக்கள் மைதானத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரள்கிறார்கள், நான் கூடத்தின் நடுவில் நின்று கோபத்தில் அழுகிறேன். தோற்கட்டும் என்று சொன்னவளும் நான்தான், அங்கே இருந்த எல்லாரையும்விட அதிகமாக அழுதவளும் நான்தான். அந்த மேனேஜரை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

தெல்ஃபின் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "இந்த வீட்ல இனி காபி குடிச்சா நான் மனுஷனில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். மற்றவர்கள் அதுகூடச் சொல்லாமல் போனார்கள். மூலைக்கடையில் ரொட்டியைக் கொடுக்கிறவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் கரும்பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது, "டீச்சர், சமையலறைக்குப் போங்க" என்று. அழிக்கவில்லை, அதற்குக் கீழேயே பாடத்தை எழுதினேன். போகட்டும். இத்தனை பேரும் சனிக்கிழமை என் புருஷனைப் பெட்டியில் வைத்துத் தூக்கி வந்தவர்கள். அதற்கு ஒருவரும் என்னிடம் வருத்தம் சொல்லவில்லை. நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததற்கு அவர்கள் அத்தனை பேரிடமும் வருத்தம் சொல்ல வேண்டுமாம்.

உன் அப்பா திங்கட்கிழமை முழுக்கப் பேசவில்லை. ஆஸ்பத்திரிப் பேச்சும் இல்லை. வாக்கு கொடுத்தாயே என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை, கேட்டால் எதையாவது உடைத்திருப்பேன். நேற்றுக் காலை வாழைக்காய் மசித்துத் தட்டில் வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "செஞ்சியோன எடுத்திருக்கக்கூடாது" என்றார். "எடுக்கவே கூடாது, அடுத்து வந்த ரெண்டு பேருமே இடதுகைக்காரங்க, அவன் பந்த அவங்களால தொடவே முடியாது" என்றேன். "கை வலிக்குதுன்னு சொல்லியிருப்பானோ?" "வலிச்சா தோளப் பிடிச்சுக்குவான், அவன் பிடிக்கல, நான்தான் முன்னாடி உக்காந்து பாத்தேனே" என்றேன். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டாக்டர் படம் போட்டுக் காட்டுனப்ப எனக்குப் பயம் வரல நூரிஸ். பொட்டில படுத்தப்பவும் வரல. உன் வாயிலேர்ந்து தோக்கட்டும்னு வந்துச்சு பாரு, அப்ப வந்துச்சு." எழுந்து போய் அவரே டாக்டருக்குப் போன் செய்தார். அந்த மனுஷர் நாள் ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். நாளை வியாழக்கிழமை காலை அங்கே போய்ப் படுக்கிறார், வெள்ளிக்கிழமை காலை அறுவை சிகிச்சை.

நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. பக்கத்தில் இருந்து நவம்பரிலிருந்து கெஞ்சியது காதில் ஏறவில்லை, ஒரு ஆட்டத்தைச் சபித்தது ஏறுகிறது என்றால் இந்தக் குடும்பத்தில் ஒரு பெண் எந்த மொழியில் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உன் மேலும் கோபம்தான், தெரியாமல் செய்தாய் என்றாலும். இனி அப்பா ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பாதே, என்னைக் கேள்.

இன்னொன்று. நாளை இரவு கரீபியன் தொடர் ஆரம்பிக்கிறது, நம் நாட்டுக்காகப் போகிறவர்கள் சுறாக்கள். நேற்று துணிமணி எடுத்து வைக்கும்போது உன் அப்பா என் கையைப் பிடித்து, வியாழக்கிழமை ராத்திரி நாமெல்லாரும் சுறாக்களுக்காகக் கத்த வேண்டும் என்கிறார். வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. "அந்த டாக்டர் சுறாக்காரன், ராத்திரி ஆட்டம் பாத்துட்டுத்தான் காலையில கத்திய எடுப்பான். தோத்த கடுப்போட என் நெஞ்சத் திறக்கணுமா?" என்கிறார். இன்று காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் தெல்ஃபினிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். தெல்ஃபின் வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, ஒரே ஒரு ராத்திரிக்கு மட்டும், யாருக்கும் தெரியக்கூடாது, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்துகிறேன் என்றானாம். அப்போதும் என் பக்கம் பார்க்கவில்லை.

ஆகவே இது உன் கைக்கு வந்ததும் நீயும் அங்கே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுறாக்களுக்காகக் கத்து. உனக்கு நடுராத்திரியாக இருக்கும், கம்பளிச் சட்டை போட்டுக்கொள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடிவதற்கு முன்னால், அவரை உள்ளே கொண்டுபோவதற்குள் போன் செய். முதலில் ஆசீர்வாதம் கேள், அழாதே, ஆட்டத்தைப் பற்றி அவரே பேசினால் பேசு. ஒனெய்டாவிடம் காபித்தூளும் கொய்யா இனிப்பும் கொடுத்திருக்கிறேன், கூட இருக்கிற பெண்களுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டு உனக்கில்லாமல் இருக்காதே.

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மாதா உன்னைக் கையில் ஏந்தட்டும். நான் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து வெறுத்த ஒரு அணி ஜெயிக்க வேண்டும் என்று முழு மனசோடு வேண்டிக்கொண்டு ஆட்டம் பார்ப்பேன். அந்த நாசமாய்ப் போனவர்கள் மட்டும் நாளை தோற்றுப் பார்க்கட்டும்.

உன் அம்மா,
நூரிஸ்